ஏரி நீரும் கொசுவின் வயிறும்

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில், இருப்புப்பாதையை ஒட்டிக் கிடக்கும் திருமுல்லைவாயிலின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் மாசிலாமணீசுவரர் ஆலயத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவது வழக்கம். புழல் கோட்டைக் குறும்பரோடு பொரச் சென்ற தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி பின்னி நிறுத்தியதும், கொடியை வெட்டிய வாள் சிவலிங்கத்தின்மேல் பட்டதும், அந்தக் காயத்தின் பொருட்டு இன்றளவும் இறைவனுக்குச் சந்தனக்காப்பு நிலைத்திருப்பதும், கருவறைக்கு முன்னே வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு நிற்பதும், கண்ணொளி இழந்த சுந்தரர் இத்தலத்துக்கு வந்து பதிகம் பாடியதும் யாவரும் அறிந்தவையே. நான் சொல்லப் புகுந்த விஷயம் அத்தனை புனிதமானதன்று. இவ்வூர்த் தண்ணீரில் பிறந்து வளரும் கொசுவையும், அக்கொசுவின் உதரத்துக்குள் குடியிருக்கும் சூக்ஷ்ம ஜீவராசிகளையும், அவற்றைத் தன் இஷ்டம்போல் நீக்கவும் புகுத்தவும் மனிதன் கற்றுக்கொண்ட வித்தையின் பூர்வோத்தரத்தையும் பற்றியே எழுத எண்ணுகிறேன்.

இந்த ஊரை முன்னிட்டு இந்த வித்தையைப் பேசுவதற்கு நியாயம் இல்லாமலில்லை. திருமுல்லைவாயிலுக்கு அருகே, அயப்பாக்கத்து வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில், தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் தொழுநோய் ஆராய்ச்சி நடத்திவந்த கள நிலையத்தையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் இணைத்து 1999 ஜூலை 2 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை உருவாக்கியது. அந்த வளாகத்துக்குள்ளேயே தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னைக் கள அலகும் நெடுங்காலம் இயங்கிவந்திருக்கிறது. சென்னையின் மலேரியாவைச் சுமந்து திரியும் அனாபிலிஸ் ஸ்டெபன்ஸி என்ற கொசு எங்கே முட்டையிடுகிறது, எங்கே உறங்குகிறது, யாரைக் கடிக்கிறது என்பதையெல்லாம் தேடித் திரட்டியவர்கள் அந்த அலகினர். மொட்டைமாடியில் வைக்கும் மேல்நிலைத் தொட்டியே இந்நகரில் அக்கொசுவுக்கு முக்கியமான பிறப்பிடமாகக் கூடும் என்று 2016-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. ஆலயத்தை நாடி வருகிறவர்களில் எத்தனை பேருக்கு, கூப்பிடு தூரத்தில் கொசுவுக்கென்றே ஓர் ஆராய்ச்சிச்சாலை நடந்தது தெரிந்திருக்கும்?

தண்ணீரிலிருந்து தொடங்குவோம், கொசுவின் கதை முழுவதும் தண்ணீரின் கதைதான். இப்பக்கத்து ஊர்கள் எல்லாம் ஏரிக்கரை ஊர்கள். புழல், கொரட்டூர், அம்பத்தூர், அயப்பாக்கம் என்று ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் ஏரிகள். ஏரிக்குக் கீழே நஞ்சை. நஞ்சைக்கு நடுவே கிணறு. கோயிலுக்கு முன்னே குளம். 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட ரயில் பாதை இந்த வயல்களை ஊடறுத்துச் சென்றது. 1872-ல் புழல் ஏரியின் நீர் பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை, 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு, 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, அடுத்த ஆண்டில் ஆவடியிலிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கி: இப்படி ஒவ்வொன்றாக வந்து சேர, நஞ்சை மனையாயிற்று, மனை வீடாயிற்று, கிணறு ஆழ்துளைக் கிணறாயிற்று, வீட்டுக்கு அடியில் சம்ப்பும் தலைக்கு மேல் சின்டெக்ஸ் தொட்டியும் ஏற்பட்டன. கோடையில் தண்ணீர் லாரி வந்து சம்ப்பை நிரப்பிவிட்டுப் போகிறது. ஏரியும் வயலும் கிணறுமாக இருந்த காலத்தில் வாழ்ந்த கொசுக்களும், சம்ப்பும் தொட்டியுமாக மாறிய காலத்தில் வாழும் கொசுக்களும் ஒரே குடும்பத்தவையாக இருந்தாலும் அவை பருகும் நீர் ஒன்றன்று. நீர் வேறானால் அவற்றின் வயிற்றுக்குள் வாழ்பவையும் வேறு. இதை மனிதன் அறிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு பிடித்தது.

அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிற்பவர் ரொனால்ட் ராஸ். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்த இவர், 1897 வசந்தத்தில் உதகமண்டலத்துக்குக் கீழே சீகூர்க் கணவாயில் ஜுரத்தின் மூலத்தைத் தேடப் போய்த் தாமே ஜுரத்தில் விழுந்து எழுந்தார்; புள்ளியிட்ட சிறகுடைய கொசுவை அவர் முதலில் கவனித்ததும் அங்கேதான். பிறகு சிகந்தராபாத்தில் ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்து, கொசுவொன்றுக்கு ஓரணா வீதம் கூலியும் கொடுத்து, அவ்வாண்டு ஆகஸ்ட் 20 அன்று அந்தக் கொசுவின் இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள்கள் பொதிந்த உருண்டைகளைக் கண்டார். மலேரியாவின் ரகசியம் அன்று வெளிப்பட்டது. 1902-ல் நோபல் பரிசும் வந்தது. இவையெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்தில் வருபவை. பாடத்தில் வராதது ஒன்று உண்டு: ராஸ் கடிக்க விட்ட கொசுக்கள் பிடித்து வந்த கொசுக்கள் அல்ல, வளர்த்த கொசுக்கள். குட்டைகளிலிருந்து புழுக்களாக அள்ளி வரச் செய்து, பாட்டிலில் வைத்துச் சிறகு முளைக்கும் வரை பேணி, வேறு எவருடைய இரத்தத்தையும் ருசி பார்க்காதவை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே அவற்றை நோயாளியின் கொசுவலைக்குள் விட்டார். கொசு வளர்ப்பு என்ற தொழில் நம் நாட்டில் சாஸ்திரத்தின் பொருட்டு அவ்விதம் தோன்றியது. பரிதாபம் என்னவென்றால், கொசுவின் இரைப்பையை அவ்வளவு கூர்ந்து பார்த்த அந்தக் கண்கள் அதன் சுவரைத்தான் பார்த்தன. சுவருக்கு உள்ளே நிரம்பிக் கிடந்த பாக்டீரியாக்களின்மேல் அவர் கருத்துச் செல்லவில்லை. தேடியது கிடைத்துவிட்டபோது பக்கத்தில் கிடப்பதை எவர் பார்ப்பார்?

ராஸுக்குப் பின் வந்த எழுபது எண்பது ஆண்டுகளில் கொசுவோடு நடந்த யுத்தம் பெரும்பாலும் கொசுவுக்கு வெளியே நடந்த யுத்தம். கிணறுகளை மூடினார்கள், குட்டைகளில் எண்ணெய் ஊற்றினார்கள், 1928-ல் இத்தாலியிலிருந்து கம்பூசியா மீனைத் தருவித்துக் குளங்களில் விட்டார்கள். மேட்டூர் அணையின் நீர் பாய்ந்த பின் மலேரியாவால் வருந்திய பட்டுக்கோட்டை வட்டாரத்தில், ராக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல், ஒழுங்கற்ற பாசனமே நோய்க்குக் காரணம் என்று எடுத்துக்காட்டி, வீடுகளில் பைரித்திரம் தெளித்துக் கொசுவைக் கொல்லும் முறையையும் பரீட்சித்தார். சுதந்திரத்துக்குப் பின் 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் அதுவே ஒழிப்புத் திட்டம், கையில் டி.டி.டி. என்ற பிரம்மாஸ்திரம். ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேரைப் பிடித்து எட்டு லட்சம் பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட நோய், 1961-ல் ஐம்பதாயிரத்துக்கும் குறைந்த நோயாளிகளாகச் சுருங்கியது. வெற்றி விழாக் கொண்டாடலாம் என்று எண்ணியிருந்த வேளையில் அது திரும்பி வந்தது. 1976-ல் அறுபத்து நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் படுக்கையில் கிடத்தியது. விஷத்துக்குக் கொசு பழகிவிட்டிருந்தது.

அந்த 1976-ஆம் ஆண்டிலேயே, இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டையொன்றில் செத்து மிதந்த கொசுப்புழுக்களைக் கண்டவர்கள், அவற்றைக் கொன்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். பேசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற நீண்ட பெயரைச் சுருக்கி பி.டி.ஐ. என்று சுகாதாரத் துறையினர் வழங்குவது அதுதான். இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் படிகம் புழுவின் காரத்தன்மை மிகுந்த குடலில்தான் கரையும். கரைந்ததும் குடற்சுவரைத் துளைத்துவிடும். மனிதன் இதன் மூலமாகக் கொசுவின் வயிற்றுக்குள் ஆயுதத்தோடு புகுந்தான் என்று சொல்லலாம். புதுச்சேரியில் 1975-ல் நிறுவப்பட்ட கொசு முதலிய நோய்பரப்பிகளின் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதன் உள்நாட்டு வகையொன்றைத் தானே பிரித்தெடுத்து, பி-17 என்ற இலக்கமிட்டு, உற்பத்திக்கும் கொடுத்தது. ஆயினும் இன்றும் நம் தெருக்களுக்கு வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் பெரும்பாலும் அபேட் என்ற இரசாயன மருந்தைத்தான் தொட்டியில் விடுகிறார்கள். ‘டேங்க் மூடியைத் திறங்கம்மா, அபேட் ஊத்தணும்’ என்ற குரல் மழைக்காலத்தில் இப்பக்கத்து வீட்டு வாசல்களில் கேட்டுப் பழகிப்போன குரல்.

கொசுவின் வயிற்றில் வாழும் பாக்டீரியாவைப் பற்றிய சிந்தனை அதற்கு வெகு காலம் முன்பே மேல்நாடுகளில் முளைத்திருந்தது. கொசு கடித்தால் ஏற்படும் தடிப்புக்கும் அரிப்புக்கும் அதன் உணவுக்குழலை ஒட்டிய பைகளில் வாழும் நுண்ணுயிர்களே காரணம் என்று 1904-ல் ஜெர்மானியரான ஷாடின் கருதினார். கருத்துத் தவறுதான், உமிழ்நீரே அதற்குக் காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. ஆயினும் கொசுவைத் தனி ஒரு பிராணியாகக் கொள்ளாமல், பல ஜீவன்கள் கூடி வாழும் ஓர் இருப்பிடமாகக் கண்ட பார்வை அவருடையது. 1935-ல் அமெரிக்கரான வில்லியம் டிரேகர் இன்னொரு கேள்வியைக் கேட்டார்: பாக்டீரியாவே இல்லாமல் ஒரு கொசுவை வளர்க்க முடியுமா? முட்டைகளை மருந்துநீரில் கழுவிக் கிருமி நீக்கி, கொதிநீராவியில் சுத்தி செய்த ஈஸ்ட்டையும் ஈரல் சாற்றையும் ஊட்டி, உயிருள்ள நுண்ணுயிர் ஒன்றுகூட இல்லாத நீரில் ஏடிஸ் என்ற கொசுவின் புழுக்களை அவர் வளர்த்துக் காட்டினார். நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து மலேரியாக் கிருமியை மனித உடலுக்கு வெளியே, கண்ணாடிப் பாத்திரத்தில் இடைவிடாமல் வளர்க்கும் முறையைக் கண்டவர்களில் ஒருவரும் இவரே. ஒருவருடைய ஆயுளில் இவ்விரண்டும் நிகழ்ந்தது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

டிரேகர் தீர்த்ததாகத் தோன்றிய விஷயம் தீரவில்லை. 2014-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார், உயிருள்ள பாக்டீரியா குடலில் இல்லாவிட்டால் கொசுப்புழு முதற்பருவத்தைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது என்று அறிவித்தனர். 2018-ல் வேறொரு குழுவினர், உணவு போதிய அளவு செறிந்திருந்தால் பாக்டீரியா இல்லாமலும் புழு கொசுவாகிறது என்றனர். இரு கட்சியாரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். முடிச்சை அவிழ்த்தவர்கள் ஜார்ஜியாவினரே. 2021-ல் வெளியான அவர்களுடைய விடை மிக எளிமையானது. புழுவின் வளர்ச்சிக்கு இன்றியமையாத ரைபோபிளேவின் என்ற வைட்டமின் வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். பாக்டீரியா இருந்தால் சிதைந்ததை ஈடுசெய்து ஊட்டிக்கொண்டே இருக்கும். இருட்டில் வைத்தால் பாக்டீரியாவின் துணையின்றியும் புழு வளர்கிறது. மூடியில்லாத தொட்டியும், வெயில் விழும் வயல் வாய்க்காலும் கொசுவின் வயிற்றுக்குள் எத்தகைய ஒப்பந்தத்தை வேண்டுகின்றன என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

இங்கே கொசு வளர்ப்புக் கூடத்தைச் சிறிது அருகே சென்று பார்ப்பது நலம். வெப்பம் இருபத்தேழு பாகை அளவிலும், காற்றின் ஈரம் நூற்றுக்கு எழுபது எண்பது அளவிலும் நிலைத்திருக்கும் அறை. அடுக்குப் பலகைகளில் வெள்ளைத் தட்டுகள். தட்டுகளில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர். தண்ணீரில் மேற்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் அனாபிலிஸ் புழுக்கள். நாய் பிஸ்கெட்டையும் ஈஸ்ட்டையும் மாவாக அரைத்து அந்த நீரின்மேல் மிகச் சிறிதளவு தூவுகிறார்கள். சற்று மிகுந்தாலும் நீரின்மேல் ஏடு படர்ந்து புழுக்கள் மூச்சடைத்துச் சாகும். ஒரு வாரம் பத்து நாளில் அவை கூட்டுப்புழுவாகச் சுருளும்போது, துளிசொட்டும் குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி ஒரு கிண்ணத்துக்கு மாற்றி, கிண்ணத்தைத் துணிக்கூண்டுக்குள் வைக்கிறார்கள். கூண்டுக்குள் சர்க்கரைக் கரைசலில் தோய்த்த பஞ்சு. சில கூடங்களில் ஊறவைத்த உலர்திராட்சை. பெண் கொசுவுக்கு முட்டையிட இரத்தம் வேண்டும். முன்பு முயலையோ கோழியையோ காட்டினார்கள், இப்போது மெல்லிய சவ்வுக்குப் பின்னே உடற்சூட்டில் வைத்த இரத்தத்தைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். இந்தத் தொழிலைச் செய்வோரின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. சமையலறைக்குரிய கைப்பக்குவம் இதற்கும் வேண்டும்.

இத்தகைய கூடத்தில் வளர்ந்த கொசுவிலிருந்து பாக்டீரியாவை நீக்க வேண்டுமென்றால் இரண்டு வழிகள். ஒன்று, முட்டையிலேயே தொடங்குவது: எழுபது சதவீத ஆல்கஹாலிலும் வெளுப்புநீரிலும் முட்டைகளை மாறி மாறி நனைத்து, தூய நீரில் அலசி, கிருமியற்ற குடுவையில் பொரிக்க விடுவது. மற்றொன்று, சிறகு முளைத்த பின் சர்க்கரைக் கரைசலில் பெனிசிலினையும் ஸ்டிரெப்டோமைசினையும் ஜென்டாமைசினையும் கலந்து சில நாள் குடிக்கச் செய்வது. நீக்கியபின் தாம் விரும்பிய ஒரே ஒரு பாக்டீரியாவைச் சர்க்கரை நீரிலோ புழு வளரும் நீரிலோ கலந்து மீண்டும் குடியேற்றலாம். குடியேறியதா என்று பார்க்க அறுவை செய்தாக வேண்டும். குளிரூட்டி மயக்கிய கொசுவை ஆல்கஹாலில் முக்கி வெளிக்கிருமியைப் போக்கி, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி உப்புநீரில் கிடத்தி, மார்பை ஓர் ஊசியால் அழுத்திக்கொண்டு வயிற்றின் கடைக்கண்டத்தை மற்றோர் ஊசியால் மெல்ல இழுத்தால், நூலினும் மெல்லிய குடல் அறுபடாமல் முழுமையாக வெளியே வரும். அதை அரைத்து அகர்த் தட்டில் பூசி மறுநாள் பார்த்தால் பாக்டீரியாக்கள் பொட்டுப் பொட்டாக முளைத்திருக்கும். செராட்டியாவில் சில வகை குங்குமச் சிவப்பு, குரோமோபாக்டீரியம் ஊதா. ராஸ் பார்க்காமல் விட்டது இவ்வளவும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவருக்கு ஒரு கால ஒற்றுமையைச் சுட்டினால் போதும். இரத்தம் குடித்த ஓரிரு நாளுக்குள் கொசுவின் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் பல நூறு மடங்காகப் பெருகுகின்றன. ஏறக்குறைய அதே நேரத்தில்தான், அந்த இரத்தத்தோடு உள்ளே வந்த மலேரியாக் கிருமி குடற்சுவரைத் துளைத்து மறுபுறம் போக முயல்கிறது. இருவரும் சந்திக்காமல் இருக்க வழியில்லை. 1993-ல் பம்புனியும் அவருடைய தோழர்களும், சில வகைப் பாக்டீரியாக்களை இரத்தத்தோடு சேர்த்து அனாபிலிஸ் ஸ்டெபன்ஸிக்குக் கொடுத்தால் மலேரியாக் கிருமி அதற்குள் வளர்வதில்லை என்று கண்டனர். 2009-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து டிமோபூலஸ் குழுவினர் இதன் மறுபக்கத்தைக் காட்டினர்: மருந்தால் பாக்டீரியாவை அகற்றிய கொசு மலேரியாக் கிருமிக்கு எளிதில் இடம் கொடுக்கிறது. 2011-ல் ஸாம்பியா நாட்டுக் கொசுவிலிருந்து எடுத்த எண்டரோபாக்டர் வகையொன்று, வீரியமுள்ள ஆக்ஸிஜன் சேர்மங்களை உமிழ்ந்து கிருமியை அழிக்கிறது என்று அவர்களே வெளியிட்டனர். 2023-ல் வெளியான செய்தி இன்னும் விசித்திரமானது. ஸ்பெயின் நாட்டில் டிரஸ் கான்டோஸ் என்ற ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில் வளர்த்துவந்த ஸ்டெபன்ஸிக் கொசுக்கள், காரணம் தெரியாமல், மலேரியாவை ஏற்க மறுத்தன. தேடிப் பார்த்தால் டெல்ஃப்டியா என்ற பாக்டீரியா எப்படியோ அவற்றின் குடலில் குடிபுகுந்து, ஹார்மேன் என்ற பொருளைச் சுரந்து கிருமியைத் தடுத்துக்கொண்டிருந்தது. வளர்ப்புக் கூடத்தில் நேர்ந்த பிசகு என்று கொட்டிக் கவிழ்க்கப்பட்டிருக்க வேண்டிய கொசுக்கள், ஆராய்ச்சிப் பொருளாயின.

நம் நாட்டிலும் இத்துறையில் வேலை நடந்திருக்கிறது. டில்லி ஆராய்ச்சியாளர்கள் 2009-ல், கூடத்தில் வளர்த்த ஸ்டெபன்ஸியையும் ஹரியானாவில் ஜஜ்ஜர்ப் பக்கத்தில் வெளியில் பிடித்த ஸ்டெபன்ஸியையும் ஒப்பிட்டு, வெளிக்கொசுவின் குடலில் பாக்டீரியா வகைகள் மிகுதி என்று காட்டினர். என் கருத்தில், இந்தச் சரித்திரம் முழுவதிலும் கவனிக்கத்தக்க செய்தி இதுதான். கூட்டுப்புழுவாகும் தறுவாயில் புழு தன் குடலிலிருந்த பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. கொசுவாகி வெளிவந்ததும் தான் பிறந்த நீரையே பருகிப் புதிதாகக் குடியமர்த்திக்கொள்கிறது. ஆகவே டில்லித் தட்டில் பிறந்த கொசு டில்லித் தட்டின் பாக்டீரியாவையும், லாரித் தண்ணீர் நிரம்பிய திருமுல்லைவாயில் தொட்டியில் பிறந்த கொசு அந்தத் தொட்டியின் பாக்டீரியாவையும் சுமக்கும். ஏரி இருந்த காலத்துக் கொசுவின் வயிறு எப்படியிருந்தது என்று பார்த்து வைத்தவர் எவருமில்லை. வயலோடு அதுவும் போயிற்று. ஊரின் நீரை அறியாமல் கொசுவின் வயிற்றைத் திருத்தப் புகுவது, ஆராய்ச்சிச்சாலையில் கண்ட வெற்றியைத் தெருவில் தோல்வியாக்கும் வழி.

தெரு என்றதும் ஒரு பழைய விவகாரம் நினைவுக்கு வருகிறது. 1967-ல் ரங்கூனுக்கு அருகே ஓக்போ என்ற கிராமத்தில், லாவன் என்ற ஜெர்மானியர், உள்ளூர்ப் பெண் கொசுக்களோடு கூடினாலும் முட்டை பொரிக்காத ஆண் கியூலெக்ஸ் கொசுக்களை நாள்தோறும் விட்டு, சில மாதங்களில் அவ்வினத்தை அங்கே ஒழித்துக் காட்டினார். முட்டை பொரிக்காததற்குக் காரணம் கொசுவின் உயிரணுக்களுக்குள் வாழும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா என்பது நான்கு ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. அந்தப் பாக்டீரியாவையோ 1924-லேயே பாஸ்டனில் ஹெர்டிக்கும் வொல்பாக்கும் கண்டிருந்தனர். இது குடலில் வாழ்வதன்று. தாயிடமிருந்து முட்டை வழியாகச் சந்ததிக்குச் செல்வது. ஆயினும் கொசுவைக் கொல்லாமல் அதன் உள்ளிருக்கும் உயிரை மாற்றிக் காரியம் சாதிப்பது என்ற நோக்கம் ஒன்றே. இதே வழியில், உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து டில்லியில் ஓர் அலகு தொடங்கி, லட்சக்கணக்கில் கொசுக்களை வளர்த்தன. அதில் அமெரிக்கப் பணம் கலந்திருந்தது. அந்நிய நாட்டார் கிருமி யுத்தத்துக்கு நம் நாட்டைப் பரீட்சைக் களமாக்குகிறார்கள் என்று 1974-ல் பத்திரிகைகளில் புயல் கிளம்பியது. பாராளுமன்றப் பொதுக்கணக்குக் குழு விசாரித்தது. சோனிபட்டில் நடக்கவிருந்த ஏடிஸ் விடுவிப்பு நின்றது. 1975-ல் அலகே மூடப்பட்டது. சந்தேகம் எல்லாம் நியாயமா என்பது வேறு விஷயம். எந்த ஊர்க் காற்றில் கொசுவை விடப் போகிறார்களோ அந்த ஊராரிடம் முன்கூட்டிச் சொல்லாதது, ஆராய்ச்சியாளரின் பிழையே என்பேன்.

அந்த முடிவின் அடிச்சுவட்டில் பிறந்ததுதான் புதுச்சேரி மையம். டில்லி அலகில் பணிபுரிந்த பி. கே. ராஜகோபாலன் அதன் இயக்குநராகி, 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில், மருந்தைவிடச் சாக்கடையைச் சீர்செய்வதையும் மக்களைக் கூட்டிச் செய்வதையும் முதன்மையாகக் கொண்டு யானைக்கால் நோய்க்கு எதிரான திட்டத்தை நடத்தினார். அதே மையம் 2022-ல், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தோடு கூடி, வொல்பாக்கியா குடியேறிய இரண்டு வகை ஏடிஸ் கொசுக்களைப் புதுச்சேரிக் கொசுவோடு கலந்து உருவாக்கியிருப்பதாக அறிவித்தது. டெங்குக் கிருமி அவற்றுக்குள் எளிதில் பெருகாது. வெளியே விடுவதற்கு அரசாங்க அனுமதி வேண்டும் என்று அப்போதே சொன்னார்கள். 1975-ஐ நேரில் அறியாத தலைமுறையினரும் அதன் பாடத்தை மறக்கவில்லை போலும்.

இதற்கிடையில் நம் ஸ்டெபன்ஸி சும்மா இருக்கவில்லை. 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூத்தியிலும், 2016-ல் எத்தியோப்பியாவிலும், மலேரியா ஒழிந்துவிட்டதாக அவ்வாண்டிலேயே சான்று பெற்ற இலங்கையில் மன்னார்ப் பக்கத்திலும் அது தென்பட்டது. எங்கே போனாலும் மனிதன் சேமித்த தண்ணீரைத்தான் அது நாடுகிறது. எந்தத் தண்ணீரில் இறங்குகிறதோ அதன் பாக்டீரியாக்கள் அதற்குள் ஏறுகின்றன. ஆகவே அதன் வயிற்றைப் பற்றிய ஆராய்ச்சி ஓரிடத்தில் முடிந்துவிடக்கூடியதன்று. ஊர்தோறும் கொசுவை வளர்த்துப் பார்த்தாக வேண்டும். அந்த வளர்ப்பிலும் ஒரு சங்கடம் உண்டு. ஏடிஸின் முட்டையைக் காகிதத்தோடு உலர்த்தி டப்பாவில் மாதக்கணக்கில் மூடி வைக்கலாம். வேண்டும்போது தண்ணீரில் போட்டால் பொரிக்கும். ஸ்டெபன்ஸியின் படகு போன்ற முட்டை அவ்விதம் நெடுநாள் காய்ந்து கிடந்தால் செத்துவிடும். இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். ஆகையால் அதை வளர்க்கும் கூடத்துக்குத் தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. எல்லோரும் ஊருக்குப் போன நாளிலும் ஒருவர் வந்து தட்டு நீரை மாற்றி, பிஸ்கெட் மாவைத் தூவி, பஞ்சில் சர்க்கரைக் கரைசலை ஊற்றிவிட்டுப் போகிறார்.